எக்ட்வெட் பெண்ணின் ஊர் எது? டென்மார்க் வயல்மேடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

1921 பிப்ரவரி 24. டென்மார்க்கின் ஜூட்லாந்து தீபகற்பத்தில் வைலெ நகருக்குப் பக்கத்தில் எக்ட்வெட் என்றொரு கிராமம். அங்கே ஒரு விவசாயி தன் நிலத்தில் மிச்சமிருந்த மண்மேட்டைத் தோண்டி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சுமார் 30 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் இருந்த மேடு அது. உழவுக்கு இடைஞ்சல். கடைசி மிச்சத்தையும் எடுத்துவிட்டால் நிலம் சமமாகிவிடும். மண்வெட்டி தட்டிய இடத்தில் இருந்தது ஒரு கருவாலி (ஓக்) மரத்தண்டு. நெடுக்காகப் பிளந்து, உள்ளே குடைந்து, மூடி போட்ட சவப்பெட்டி.

அவர் செய்த சரியான காரியம், கோபன்ஹேகனில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதிப்போட்டது. அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். பெட்டியை வயலிலேயே குடைந்து பார்க்காமல் மூடி கட்டித் தலைநகருக்குக் கொண்டுபோய், ஆய்வகத்தில் வைத்துத் திறந்தார்கள். இந்த ஒரு முடிவால்தான் நூறு ஆண்டு கழித்தும் நாம் இதைப் பற்றிப் பேச முடிகிறது. வயலிலேயே திறந்திருந்தால் பாதித் துணி காற்றுபட்டே கெட்டிருக்கும்.

இந்த மேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே கிடந்த பெண்ணோடு தொடங்கி அவளோடு முடித்துவிடுகிறார்கள். சுற்றியிருந்த வயல் வெறும் பின்னணியாக நின்றுவிடுகிறது. என் கருத்து வேறு. மேட்டை அழித்தது விவசாயம். கல்லறையைக் கண்டெடுத்துக் கொடுத்ததும் விவசாயம். அவள் எந்த ஊர்க்காரி என்ற கேள்விக்கான பதிலைக் குழப்பிவிட்டதும் அதே விவசாயம் தான். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

பெட்டிக்குள் இருந்தவை

மரவளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்தக் கருவாலி பொ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 1370-இல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. வட ஐரோப்பாவின் வெண்கலக் காலம். எகிப்தில் பதினெட்டாம் அரசகுலம் ஆண்ட நேரம் என்றால் ஒரு அளவு கிடைக்கும்.

பெட்டிக்குள் ஒரு மாட்டுத்தோல் விரித்திருந்தது. அதன்மேல் 16 முதல் 18 வயதுக்குள் ஒரு பெண். மெலிந்த உடல், உயரம் சுமார் 160 சென்டிமீட்டர், கட்டையாக வெட்டிய வெளிர்நிறக் கூந்தல், ஒழுங்காக வெட்டிவிட்ட நகங்கள். மேலே கம்பளிப் போர்வை. வினோதம் என்னவென்றால் எலும்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூந்தல், நகம், பற்கள், மூளையின் மிச்சம், கொஞ்சம் தோல், இவ்வளவுதான் உடல். ஆனால் உடை அப்படியே இருந்தது.

அந்த உடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே முழங்கை வரை கையுள்ள ஒரு குட்டைக் கம்பளிச் சட்டை. இடுப்பு வெறுமையாக இருக்கும். கீழே கம்பளிக் கயிறுகளால் ஆன பாவாடை. நெய்த துணியல்ல, ஒரு பட்டையிலிருந்து தொங்கும் முறுக்கிய கயிறுகளின் வரிசை. நீளம் 38 சென்டிமீட்டர். இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று வருமாறு தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். வயிற்றுப் பக்கம் கச்சையில் பெரிய வெண்கல வட்டத்தகடு. அதன் முழுப்பரப்பிலும் சுருள் சுருளாகக் கோலம், நடுவில் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு முனை. கச்சையிலேயே கொம்பில் செய்த சீப்பு ஒன்று. கைக்கு ஒன்றாக வெண்கல வளையம். காதில் மெல்லிய வளையம்.

1920-களில் இந்தப் பாவாடை பெரிய பரபரப்பைக் கிளப்பியது. முன்னோர் இப்படி உடுத்தியிருப்பார்கள் என்பதைச் சிலரால் ஏற்கவே முடியவில்லை. உள்ளே இன்னொரு உடை இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். ஆனால் டென்மார்க்கிலேயே கிரெவன்ஸ்வெங்கெ என்ற இடத்தில் கிடைத்த வெண்கலச் சிற்றுருவங்களில், உடலை வில்லாக வளைத்து நிற்கும் பெண் ஒருத்தி இதே கயிற்றுப் பாவாடைதான் கட்டியிருக்கிறாள். அப்புறம் என்ன சந்தேகம்? உடை அதுதான்.

தலைமாட்டில் மரப்பட்டையில் செய்த சிறு பெட்டி. அதற்குள் வெண்கல ஊசி, துளையூசி, கூந்தல்வலை. கால்மாட்டில் பிர்ச் மரப்பட்டையில் செய்த வாளி. அதன் அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த பழுப்புப் படிவைத் தாவரவியலாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கோதுமை இருந்தது. லிங்கன்பெர்ரி என்ற சிவப்புக் காட்டுப்பழம் இருந்தது. சதுப்பில் வளரும் மிர்ட்டில் என்ற வாசனைச்செடி இருந்தது. தேனீ மொய்க்கும் பூக்களின் மகரந்தம் ஏராளமாக இருந்தது, அதாவது தேன். ஆக, வாளியில் வைத்தது தேன் சேர்த்துக் காய்ச்சிய ஒருவகைக் கோதுமைக் கள். பெட்டியின் விளிம்பில் ‘யாரோ’ (yarrow) என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் வெண்பூச்செடியின் பூ ஒன்று கிடந்தது. அது கோடையில் பூக்கும் செடி. எந்தப் பருவத்தில் அவளை அடக்கம் செய்தார்கள் என்பதை 3,400 ஆண்டு கழித்து ஒரு பூ சொல்லிவிட்டது.

அவள் தனியாகவும் இல்லை. காலடியில் ஒரு சிறு துணிமூட்டை. அதில் எரியூட்டிய ஒரு குழந்தையின் எலும்புகள். வயது 5 அல்லது 6. பெண்ணின் வயதை வைத்துப் பார்த்தால் அவள் அந்தக் குழந்தையின் தாயாக இருக்க வாய்ப்புக் குறைவு. தங்கையோ தம்பியோ, வேறு யாரோ. நரபலி என்றுகூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள்; அதற்கு இந்தப் பெட்டிக்குள் எந்த ஆதாரமும் இல்லை.

எலும்பு போய் துணி மிஞ்சியது எப்படி

சாதாரணமாக நடப்பது இதற்கு நேர்மாறு. துணி முதலில் போகும், எலும்பு கடைசிவரை நிற்கும். இங்கே தலைகீழாக நடந்ததற்குக் காரணம் மேட்டைக் கட்டிய விதம்.

இந்த மேடுகளுக்கு மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டவில்லை. மேய்ச்சல் நிலத்தின் மேற்பரப்பைப் புல்லும் வேருமாகக் கட்டி கட்டியாக வெட்டி, புல்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, செங்கல் வைப்பதைப்போல அடுக்கியிருக்கிறார்கள். எக்ட்வெட் மேட்டின் கட்டுமானம் இன்று நம் கையில் இல்லை. ஆனால் அதே தென் ஜூட்லாந்தில் ஸ்கெல்ஹோய் என்ற மேட்டை 2002 முதல் 2004 வரை மேட்ஸ் ஹோல்ஸ்ட், மரியான் ராஸ்முசன் குழுவினர் புல்கட்டி புல்கட்டியாகப் பிரித்துப் படித்தார்கள். வட்டத்தை ஆப்பு வடிவப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனிக் குழு கட்டியதுபோல் தெரிந்தது. பங்கு போட்டு வேலை செய்திருக்கிறார்கள். இப்படி ஒரு மேட்டுக்குப் பல ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய நிலத்தில் புல் மறுபடி தழைக்கப் பல ஆண்டு பிடிக்கும். மாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் ஒரு சாவுக்காக இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஈரமான புல்கட்டிகளில் நுண்ணுயிர்கள் புல்லைத் தின்னத் தொடங்கியதும் மேட்டின் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் மண்ணிலிருக்கும் இரும்பு கரைந்து நகர்கிறது. வெளிப்பக்கம், காற்று எட்டும் இடத்துக்கு வந்ததும் அது மறுபடி கெட்டிப்பட்டுத் துருநிறத்தில் கல்போன்ற ஒரு தட்டாக இறுகிவிடுகிறது. மேட்டின் நடுப்பகுதியை மேலும் கீழும் இந்த இரும்புத்தட்டு சூழ்ந்துகொள்ள, உள்ளே இருக்கும் நீர் வெளியேற முடிவதில்லை. பெட்டி ஒரு செயற்கைச் சதுப்புக்குள் இருப்பதைப்போல ஆகிவிடுகிறது. லைரெ என்ற இடத்தில் ஆய்வாளர்கள் பரிசோதனைக்காகவே சிறிய மேடுகளைக் கட்டி, ஆக்சிஜன் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று பார்த்தார்கள். ஈரமாகக் கட்டினால் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. அமிலம் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடும். ஆனால் கம்பளி, கூந்தல், கொம்பு, நகம் போன்ற புரதப் பொருள்களை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் பாவாடை இருக்கிறது, தொடையெலும்பு இல்லை. குழந்தையின் எலும்பு மட்டும் தப்பியதற்கும் காரணம் உண்டு: எரியூட்டும்போது எலும்பின் கட்டமைப்பே மாறி, அது கரைவது கடினமாகிவிடுகிறது.

சரி, இந்த அமில நீர் இன்னொன்றையும் செய்தது. பழைய டிஎன்ஏவைச் சிதைத்துவிட்டது. இன்று எந்தத் தொல்லியல் வழக்கிலும் முதலில் கேட்கப்படும் சாட்சி டிஎன்ஏதான். எக்ட்வெட் பெண்ணிடம் அது கைகொடுக்கவில்லை. குழந்தை அவளுக்கு உறவா என்பதையும் அந்த வழியில் கேட்க முடியவில்லை. ஆகவே அவள் ஊரைத் தேடுகிறவர்கள் வேறொரு சாட்சியை நம்ப வேண்டியிருந்தது.

பல்லில் எழுதிய ஊர்ப்பெயர்

அந்தச் சாட்சி ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம். கால்சியத்தின் நெருங்கிய சொந்தக்காரர் என்று சொல்லலாம். கால்சியம் போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும். பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து நீருக்கும் செடிக்கும், அங்கிருந்து மாட்டுக்கும் மனிதருக்கும். இதில் எடை 87 உள்ள வகைக்கும் 86 உள்ள வகைக்கும் இடையிலான விகிதம் பாறைக்குப் பாறை மாறும். ருபிடியம் என்ற தனிமம் சிதைந்து 87 வகை உருவாகிறது. அதனால் மிகப் பழைய கிரானைட் போன்ற பாறைகளில் விகிதம் உயர்ந்திருக்கும். கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையில் தாழ்ந்திருக்கும். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகி, அதன்பின் மாறுவதில்லை. ஆகவே அது குழந்தைப்பருவத்து மண்ணைச் சொல்லும். கூந்தல் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால் அது கடைசி மாதங்களைச் சொல்லும்.

2015 மே மாதம், தேசிய அருங்காட்சியகத்தின் காரின் ஃப்ரெய் தலைமையிலான குழு இந்த முறையில் எக்ட்வெட் பெண்ணை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. 23 சென்டிமீட்டர் கூந்தல் இருந்தது. அதாவது ஏறக்குறைய கடைசி இரண்டு ஆண்டுகள். ஒரு நகம், கடைவாய்ப்பல், கம்பளித் துணிகள் என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். ஒரே மனிதரின் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமான கால இடைவெளியில் அளந்து பார்த்த முயற்சி அதற்குமுன் அரிது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் சொல்லப்போகும் விமர்சனம் அதைக் குறைப்பதற்காக அல்ல.

அவர்கள் சொன்னது இது. பல்லின் விகிதம் 0.711-ஐத் தாண்டியிருந்தது. டென்மார்க்கின் ஓடை, ஏரி நீரை அளந்து 2011-இல் தயாரித்திருந்த அடிப்படை வரைபடத்தில், கிரானைட் தீவான போர்ன்ஹோமை விட்டுவிட்டுப் பார்த்தால், நாடு முழுக்க விகிதம் ஏறத்தாழ 0.708 முதல் 0.711 வரைதான். ஆகவே அவள் டென்மார்க்கில் பிறக்கவில்லை. கூந்தலின் படி, இறப்பதற்கு 13 முதல் 15 மாதங்களுக்கு முன்பு அவள் பிறந்த ஊரைப் போன்ற மண்ணில் இருந்தாள். அப்புறம் ஜூட்லாந்தாக இருக்கக்கூடிய இடத்துக்கு வந்து 9, 10 மாதம் தங்கினாள். மறுபடி பிறந்த மண்ணுக்குப் போய் சில மாதம் இருந்தாள். சாவதற்கு ஒரு மாதம் முன்பு எக்ட்வெட்டுக்கு வந்து சேர்ந்தாள். துணியின் கம்பளியும் வெளியூர்க் கம்பளி. பிறந்த இடமாக அவர்கள் முன்வைத்தது தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதி. தூரம் சுமார் 800 கிலோமீட்டர்.

உலகச் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. வெண்கலக் காலத்தில் ஜெர்மனியின் தென்பகுதிக்கும் டென்மார்க்குக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தது என்பது தொல்லியலில் ஏற்கெனவே பேசப்பட்டதுதான். அதோடு இதைச் சேர்த்து, இரு தலைவர் குடும்பங்களின் உறவுக்காக மணமுடித்து அனுப்பப்பட்ட பெண் என்று கதை முழுமையானது. சூரியனைப் போல வட்டத்தகடு அணிந்து, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடந்த பதினாறு வயதுப் பெண். யாருக்குத்தான் பிடிக்காது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரான்சியத்தால் ஒரு இடத்தை விலக்க முடியும். ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட அதனால் முடியாது. "இந்த மண் இல்லை" என்று அது சொல்லலாம். "இந்த மண்தான்" என்று சொன்னது அதற்குப் பிறகு வந்த தொல்லியல் ஊகம். ஒரே விகிதமுள்ள நிலம் ஐரோப்பாவில் பல இடங்களில் உண்டு. ஆகவே கருங்காடு என்ற முடிவு முழுக்க "டென்மார்க் இல்லை" என்ற முதல் வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

வயலில் போட்ட சுண்ணாம்பு

2019 மார்ச்சில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் தாம்சன், ராஸ்முஸ் ஆண்ட்ரியாசன் இருவரும் அந்த முதல் வாக்கியத்தையே அசைத்தார்கள். அவர்கள் கல்லறைக்குள் போகவில்லை. வயலைப் பார்த்தார்கள்.

ஜூட்லாந்தின் மேற்குப் பகுதி மணற்பாங்கான நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டு மழையில் அதன் சுண்ணாம்புச் சத்து அரித்துப்போய், மண் புளித்துப்போயிருக்கிறது. அமில மண்ணில் பயிர் ஏறாது என்பது எந்த விவசாயிக்கும் தெரியும், மருந்து சுண்ணாம்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க் இதை ஒரு தேசிய வேலையாகவே செய்தது. 1866-இல் என்ரிகோ டால்காஸ் முன்னின்று தொடங்கிய புதர்நிலச் சங்கம் தரிசை விளைநிலமாக்கும் இயக்கத்தை நடத்தியது. சுண்ணாம்புக் களிமண்ணைக் குழிகளிலிருந்து வயல்களுக்குக் கொண்டுபோகக் குறுகிய தண்டவாளங்களே போட்டார்கள். பிறகு அரைத்த சுண்ணாம்புத்தூள் வந்தது. இன்றும் போடுகிறார்கள்.

அந்தச் சுண்ணாம்பில் ஸ்ட்ரான்சியம் உண்டு, அதுவும் தாராளமாக. டென்மார்க்கின் வெண்சுண்ணப் பாறை கிரெட்டேசியம் என்ற பழம் புவிக்காலத்துக் கடலில் படிந்தது. அதன் விகிதம் 0.708-க்குச் சற்றுக் கீழே. மணல் மண்ணிலோ இயற்கையான ஸ்ட்ரான்சியம் மிகக் குறைவு. குறைவாக இருப்பதன்மேல் நிறைய இருப்பதைக் கொட்டினால் எது தெரியும்? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மண்ணின் சொந்த விகிதம் 0.713, அதில் ஒரு பங்கு. சுண்ணாம்பின் விகிதம் 0.708, அதில் நான்கு பங்கு. கலந்து அளந்தால் வருவது 0.709. மண்ணின் உண்மைக் குரல் அடங்கிப்போய் சுண்ணாம்பின் குரல் மட்டும் கேட்கும். அந்த வயலிலிருந்து வடியும் ஓடைநீரை அளந்து, "இந்த ஊரில் 0.711-க்கு மேல் இல்லை" என்று எழுதினால், நாம் எழுதியது வெண்கலக் காலத்து ஊரைப் பற்றி அல்ல. கடந்த 150 ஆண்டு உழவைப் பற்றி.

தாம்சனும் ஆண்ட்ரியாசனும் உழவு படாத, சுண்ணாம்பு படாத நிலத்து நீரையும் பக்கத்து விளைநிலத்து நீரையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார்கள். தொடாத நிலத்தில் விகிதம் உயர்ந்தும், விளைநிலத்தில் தாழ்ந்தும் இருந்தது. தொடாத நில மாதிரிகளை மட்டும் வைத்துப் புது வரைபடம் போட்டபோது, எக்ட்வெட் பெண்ணின் பல்லும் கூந்தலும் காட்டிய எண்கள் கல்லறைக்கு அருகிலேயே கிடைத்தன. 1935-இல் கண்டெடுக்கப்பட்டு, 2017-இல் இதே முறையில் வெளியூர்க்காரி என்று சொல்லப்பட்ட ஸ்க்ரிட்ஸ்ட்ரூப் பெண்ணுக்கும் அதே கதைதான். இருவரும் புதைத்த இடத்துக்கு அருகே வாழ்ந்தவர்களாக இருப்பதே நம்பத்தக்கது என்றார்கள்.

அது எப்படி டென்மார்க் மண்ணில் இவ்வளவு உயர்ந்த எண் வரும்? பனியுகம்தான் பதில். வடக்கே நார்வே, ஸ்வீடன் பக்கத்துப் பழம்பாறைகளை அரைத்துப் பனிப்பாறைகள் ஜூட்லாந்தின் மேல் கொண்டுவந்து கொட்டின. அந்த மண்ணிலிருந்து சுண்ணாம்பு அரித்துப்போன இடமெல்லாம் மிஞ்சியது பழம்பாறையின் உயர்ந்த விகிதம். கடைசிப் பனியுகத்தில் பனி எதுவரை வந்து நின்றதோ அந்த எல்லை ஜூட்லாந்தை வடக்கு தெற்காக வகுக்கிறது. எக்ட்வெட் வட்டாரம் அதை ஒட்டியே இருக்கிறது. அதாவது சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒருவகை மண் முடிந்து இன்னொருவகை தொடங்கும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில மாதம், மேட்டுநிலத்தில் சில மாதம் என்று மாட்டோடு இடம் மாறினாலே கூந்தலில் எண் ஏறி இறங்கக்கூடும். அதற்கு 800 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.

ஃப்ரெய் தரப்பு சும்மா இருக்கவில்லை. 2020-இல் ராபர்ட் ஃப்ரெய், காரின் ஃப்ரெய், யெஸ்ஸன் மூவரும் மண்ணை ஆழம் ஆழமாக அளந்து, சுண்ணாம்பின் ஸ்ட்ரான்சியம் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது, கீழே இறங்கி நீரைக் கெடுப்பதில்லை என்று பதில் எழுதினார்கள். இது வலுவான எதிர்வாதம்; எல்லா நிலத்திலும் சுண்ணாம்பு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பது உண்மைதான். ஆர்ஹுஸ் குழு 2021-இல் மறுபடி வந்தது: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பனிப்படிவு நிலத்தில்கூட அருகருகே எண்கள் பெரிதாக மாறுகின்றன என்று காட்டினார்கள்.

என் தீர்ப்பு

இரு தரப்பையும் வைத்துப் பார்க்கும்போது, சுண்ணாம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்ற வாதத்தில் ஃப்ரெய் குழுவுக்குப் பாதி வெற்றி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கருங்காடு நிற்காது என்று நினைக்கிறேன். காரணம், அந்த முடிவுக்குத் தேவைப்பட்டது "டென்மார்க்கில் இந்த எண் கிடைக்காது" என்பது. தொடாத நிலத்தில் அந்த எண் கிடைக்கிறது என்று காட்டியாகிவிட்டது. பக்கத்திலேயே விளக்கம் இருக்கும்போது, தூரத்து விளக்கத்துக்குத் தனியான ஆதாரம் வேண்டும், அது இல்லை. இன்னொரு பலவீனமும் உண்டு. 3,400 ஆண்டு நீரில் ஊறிய கூந்தலும் கம்பளியும் சுற்றியிருந்த மண்ணின் ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சியிருக்கலாம். பல் எனாமல் அளவுக்கு அவை உறுதியான சாட்சி அல்ல. மாதவாரியான பயணக்கணக்கு முழுவதும் கூந்தலை நம்பியே இருக்கிறது.

அவள் உள்ளூர்க்காரி என்று நிரூபித்தாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. எந்த ஸ்ட்ரான்சியம் எண்ணும் அதை நிரூபிக்காது. ஆனால் பாடப்புத்தகத்திலும் ஆவணப்படத்திலும் "கருங்காட்டிலிருந்து வந்தவள்" என்று உறுதியாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். அது 2015-இல் ஒரு நல்ல ஊகம். இன்று பலவீனமான ஊகம்.

இதைச் சொன்னால் சிலர் பயப்படுகிறார்கள்: வெண்கலக் காலத்தின் தூரத் தொடர்பே பொய்யாகிவிடுமோ என்று. ஆகாது. டென்மார்க்கின் வெண்கலத்துக்கு வேண்டிய செம்பும் தகரமும் வெளியிலிருந்து வந்தவை. அவள் வயிற்றின் மேல் இருந்த வட்டத்தகடே அதற்குச் சாட்சி. ஜீலாந்துத் தீவில் ஓல்பி என்ற இடத்தில் புதைத்த வெண்கலக் காலப் பெண் ஒருத்தியிடம் இருந்த நீலக் கண்ணாடி மணி எகிப்துக் கண்ணாடி என்று வேதியியல் ஆய்வில் தெரியவந்திருக்கிறது. பொருள்கள் பயணம் செய்தன, ஆட்களும் பயணம் செய்தார்கள். இந்த ஒரு பெண் பயணம் செய்தாளா என்பது தனிக் கேள்வி. அவள்மேல் நாம் ஒரு திருமணத்தையும் ஒரு அரசியலையும் ஏற்றிவைத்தோம். அதற்கான கனத்தைத் தாங்கும் ஆதாரம் பெட்டியில் இருக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதில் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அவளைப் பற்றித் தெரிந்ததை மட்டும் தெரிந்ததாகச் சொல்வது.

மேடுகளின் கணக்கு

எக்ட்வெட் மேடு தனியான விஷயம் அல்ல. டென்மார்க்கில் இத்தகைய மேடுகள் சுமார் 86,000 பதிவாகியிருக்கின்றன. சட்டப் பாதுகாப்பில் இன்று நிற்பவை ஏறத்தாழ 20,000. மற்றவற்றில் பெரும்பகுதியை உழவு தின்றுவிட்டது. ஆர்ஹுஸுக்குப் பக்கத்தில் போரும் எஸ்ஹோய் என்ற மாபெரும் மேட்டின் மண்ணை 1870-களில் வயலுக்கு நல்ல மண் என்று வெட்டி எடுத்தபோதுதான் அங்கிருந்த கருவாலிப் பெட்டிகள் வெளிவந்தன. மட்கிய புல்கட்டிகள் அல்லவா, அது உண்மையிலேயே வளமான மண். விவசாயிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசித்த நிலத்துக்கு நல்ல மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது.

1937-இல் வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியும் மேடுகள் அனைத்தையும் ஒரேயடியாகப் பாதுகாத்தது. எக்ட்வெட்டுக்கு அது 16 ஆண்டு தாமதம். இப்போதைய விதிப்படி மேட்டின் அடிவிளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை உழக்கூடாது, உரமும் போடக்கூடாது. அதைத் தாண்டி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டவும் நிலத்தின் அமைப்பை மாற்றவும் கட்டுப்பாடு. விமானப் படத்தில் பார்த்தால் பயிர்களுக்கு நடுவே புல் மூடிய வட்டத் தீவுகளாக அவை தெரியும்.

எக்ட்வெட் வழக்கில் ஒரு சாட்சியை நாம் இழந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த மேட்டின் புல்கட்டிகள் பொ.மு. 1370-இல் அந்த ஊர் மேய்ச்சல் நிலத்திலிருந்தே வெட்டியவை. சுண்ணாம்பு வருவதற்கு மூவாயிரம் ஆண்டு முந்திய மண். அவள் உள்ளூர்ப் பாலையும் தானியத்தையும் சாப்பிட்டு வளர்ந்தவளா என்று கேட்க அதைவிட நெருக்கமான மாதிரி வேறு கிடையாது. மழைநீர் இறங்கி அதுவும் ஓரளவு மாறியிருக்கும் என்றாலும், இரும்புத்தட்டுக்கு உள்ளே இருந்த நடுமண்ணை அளந்திருந்தால் இந்தச் சண்டையின் பாதி தீர்ந்திருக்கும். 1921-க்கு முன்பே அந்த மேட்டின் பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. இன்று அந்த இடத்தில் பார்வையாளர்களுக்காக மறுபடி எழுப்பிய மேடு ஒன்று இருக்கிறது. அதன் மண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

ஆனால் வைலெ வட்டாரத்திலும் தெற்கு ஜூட்லாந்திலும் பிரிக்காத மேடுகள் இன்னும் நிற்கின்றன. ஓடைநீரை அளந்து வரைபடம் போடும் வேலையோடு சேர்த்து, அவற்றில் சிலவற்றின் நடுவிலிருந்து மெல்லிய துளைக்குழாயால் மண்மாதிரி எடுத்து ஸ்ட்ரான்சியம் அளப்பதைத்தான் நான் அடுத்த வேலையாக வைப்பேன். துளையை உடனே அடைக்க வேண்டும். இரும்புத்தட்டு உடைந்தால் காற்று இறங்கி உள்ளே இருப்பது மக்கத் தொடங்கிவிடும். பாதுகாக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் தயங்குவதற்கு அதுவே நல்ல காரணம். ஆகவே ஏற்கெனவே கொள்ளையடிக்கப்பட்டு நடு உடைந்த மேடுகளின் ஓரப்பகுதிகளிலிருந்து தொடங்கலாம். அங்கே கெடுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை, மண் மட்டும் பழையதாகவே இருக்கிறது.